உணவே மருந்துதான், ஆனால் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

சென்ற மாதம் எங்கள் வட்டார இயற்கை உழவர் கூட்டம் முடிந்ததும் ஒரு தம்பி என்னைத் தனியே கூப்பிட்டார். அவருடைய அக்காவுக்கு மார்பகப் புற்று. அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து வீடு திரும்பியிருக்கிறார். "ஏனுங்கய்யா, உங்க வீட்டம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சுன்னாங்க. என்ன சாப்பாடு குடுத்தீங்க? மாத்திரைய எப்ப நிறுத்துனீங்க?" என்று கேட்டார்.

இரண்டாவது கேள்வி என்னைச் சுட்டது. அதற்கான பதிலை எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முப்பத்து நாலு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஈரோடு மாவட்டத்தில் அப்பாவின் தோட்டத்தில் மஞ்சள் போடுகிறேன். ரசாயனம் கிடையாது. 2020இல் என் மனைவிக்கு இடது மார்பில் கட்டி தெரிந்தது. சிகிச்சை முடிந்ததும் டாமாக்சிபென் மாத்திரையை ஐந்து வருஷம் விடாமல் சாப்பிடச் சொன்னார்கள். சிலருக்குப் பத்து வருஷம்கூட உண்டு.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசினார். "ஆங்கில மாத்திரை எல்லாம் விஷம். சிறுதானியம், கீரை, மஞ்சள் போதும். புற்று ஓடிப்போகும்" என்றார். கைதட்டினோம். நானும்தான். வீட்டுக்கு வரும் வழியில் மனைவி கேட்டார்: "ஏனுங்க, மாத்திரைய நிறுத்திப் பாக்கலாமுங்களா? ஒடம்பெல்லாம் அனலா அடிக்குதுங்க."

நான் பதில் சொல்லவில்லை. அவர் நிறுத்திவிட்டார். அடுத்தவர் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் கண்டுபிடித்துப் பழகிய எனக்கு, மாத்திரை அட்டையில் எண்ணிக்கை குறையாமல் இருந்தது தெரியாமலா போகும்? தெரிந்தது. பேசாமல் இருந்தேன். நம் இயக்கம் சொல்வது மெய்யாக இருக்க வேண்டும் என்ற ஆசை. நாற்பத்தோரு நாள்.

அந்த நாற்பத்தோராம் நாள், நம் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த ஒரு சகோதரியின் சாவுக்குப் போனோம். நெல்லிக்காய் அளவு கட்டி இருந்தபோதே ஆஸ்பத்திரியில் அறுவை வேண்டும் என்றார்கள். அவர் மறுத்துவிட்டு, மூலிகைச் சாறும் பத்தியமுமாக இரண்டு வருஷம் ஓட்டினார். திரும்பி வந்து, கால் கழுவிய ஈரம் காய்வதற்குள் என் மனைவி மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் 2018இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மற்ற உறுப்புகளுக்குப் பரவாத நிலையில் மார்பகப் புற்று கண்டறியப்பட்டவர்களில், வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியம் மட்டும் செய்தவர்களின் இறப்பு அபாயம், சிகிச்சை எடுத்தவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது.

உணவை மட்டும் சோதித்துப் பார்த்த ஆய்வும் உண்டு. அதே அமெரிக்காவில் சிகிச்சை முடித்த 3,088 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு நிறைய காய்கறி, காய்ச்சாறு, பழம், நார்ச்சத்து, குறைந்த கொழுப்பு என்று கொடுத்து ஏழு வருஷம் பார்த்தார்கள். முடிவு 2007இல் வந்தது. நோய் திரும்பியவர்கள் இரண்டு பக்கமும் நூற்றுக்குச் சுமார் பதினேழு பேர். வித்தியாசமே இல்லை. காய்கறி கெடுதல் என்று இதற்கு அர்த்தமில்லை. காய்கறி மட்டும் காவல் நிற்காது என்றுதான் அர்த்தம். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், சிகிச்சை அசல். சாப்பாடும் உடற்பயிற்சியும் வட்டி. அசல் போனபின் வட்டி எங்கிருந்து வரும்?

மஞ்சள் போடுகிறவனே சொல்கிறேன், கேளுங்கள். நெதர்லாந்தில் 2019இல், டாமாக்சிபென் எடுக்கும் பெண்களுக்கு மஞ்சளின் சத்தான குர்குமினை அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மாத்திரை உடம்பில் வேலை செய்யும் வடிவத்தின் அளவு ரத்தத்தில் குறைந்தது. மிளகுச் சத்தும் சேர்த்தபோது இன்னும் குறைந்தது. சிறிய ஆய்வுதான். ரசத்திலும் குழம்பிலும் போடும் மஞ்சளைப் பற்றியதும் அல்ல. ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் மஞ்சள் கேப்சூல் விழுங்காதீர்கள். நான் வாங்கி வைத்திருந்த டப்பாவைத் தூக்கி எறிந்தேன்.

சரி, வட்டியை எப்படிச் சேர்ப்பது? இதில்தான் நம்மைப் போன்ற உழவர் வீட்டுக்கு நல்ல வசதி இருக்கிறது.

முதலில் எடை. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு பலருக்கு எடை கூடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உண்டாகிறது. பல மார்பகப் புற்றுகளுக்கு அதுவே தீனி. இங்கே நம் ஆட்கள் ஒரு தப்பு செய்கிறோம். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, செக்கு எண்ணெய் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைக்கிறோம். செக்கில் ஆட்டினாலும் எண்ணெய் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரிதான். எங்கள் வீட்டில் களியும் கம்பஞ்சோறும் உண்டு, அளவோடு. தட்டைப்பயறு, கொள்ளு, முட்டை, தோட்டத்துக் கீரை கூடியது. தினை லட்டு குறைந்தது. லெட்ரசோல் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கு எலும்பு பலம் குறையும். அவர்களுக்குக் கேழ்வரகு நல்லது. நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதோடு எலும்புப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது கை. "அந்தக் கையால ஒரு சொம்புகூடத் தூக்காதே கண்ணு, வீங்கிப்போகும்" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. ஆனால் பென்சில்வேனியாவில் 2009இல் வெளியான ஆய்வில், கைவீக்கம் ஏற்கெனவே இருந்த 141 பெண்களில் ஒரு பாதியினருக்குப் பயிற்சியாளர் துணையோடு சிறிது சிறிதாக எடை தூக்கக் கற்றுக்கொடுத்தார்கள். வீக்கம் கூடவில்லை, திடீரென்று மோசமாவது மற்றவர்களைவிடப் பாதியாகக் குறைந்தது. எங்கள் பிசியோதெரபி அம்மாவும் அதையேதான் சொன்னார். சுவரில் விரலால் ஏறும் பயிற்சி முதலில். கட்டுத்தரைச் சுவரில் எட்டிய உயரத்துக்குக் கரிக்கோடு போட்டோம். பிறகு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், மெல்ல மெல்ல ஒரு கிலோ. அந்தக் கரிக்கோடுகளை நான் இன்னும் வெள்ளையடிக்க விடவில்லை.

"காட்டு வேலையே உடற்பயிற்சிதானே" என்பார்கள். குனிந்து ஒரே கையால் வெடுக்வெடுக்கென்று இழுக்கும் களையெடுப்பு வேறு, முறையாகச் செய்யும் பயிற்சி வேறு. வாரம் 150 நிமிட நடையும், இரண்டு நாள் எடைப் பயிற்சியும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. நடந்தவர்களிடம் இறப்பு குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நலமாக இருப்பவர்கள்தானே அதிகம் நடக்க முடியும் என்று கேட்டால் அதுவும் நியாயம்தான். ஆனாலும் சோர்வு குறைந்ததை வீட்டில் கண்ணால் பார்த்தேன்.

நம் தொழிலுக்கென்று இரண்டு எச்சரிக்கை. கீமோ நடக்கும் மாதங்களில் ரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் கரைக்கவோ சாணம் அள்ளவோ வேண்டாம். அறுவை செய்த பக்கத்துக் கையில் அரிவாள் வெட்டு, முள் படாமல் கையுறை போடுங்கள். சிவந்து சூடாக இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பூச்சிமருந்துக் கம்பெனிக்காரன் ஆதாரம் இல்லாமல் பேசினால் நாம் விடுவதில்லை. அதே கேள்வியை நம் மேடையில் பேசுகிறவரிடமும் கேட்க வேண்டும். உணவும் உடல்நலமும் பற்றிப் பேச வருகிறவர் யாராக இருந்தாலும், "சிகிச்சையை நிறுத்தாதீர்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இதை ஒரு விதியாகவே வைக்கும்படி நம் இயக்கத்தை வேண்டுகிறேன்.

அந்தத் தம்பியிடம் அன்று சொன்னதும் இதுதான்: "அக்காவைச் சாயங்காலம் வாய்க்கால் மேட்டில் நடக்கக் கூட்டிட்டுப் போ. நல்லா சாப்பிடச் சொல்லு. மாத்திரை அட்டையைத் தினமும் எண்ணிப் பாரு. குறையலைன்னா, என்னை மாதிரி பேசாம இருந்துராதே."