முதியோர் இல்லச் சமையலறையை யார் கண்காணிக்கிறார்கள்?

மஸ்ஜித் இந்தியாவில் மதிய நேரம். நாசி சம்பூர் கடையில் உங்களுக்குச் சோறு போடுகிறவரும், கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்தில் கஞ்சி காய்ச்சுகிறவரும் சட்டத்தின் பார்வையில் ஒன்றுதான். இருவரும் ‘உணவு கையாளுநர்’. 2009 உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி, பயிற்சிக்குப் போயிருக்கணும், டைஃபாய்டு தடுப்பூசி போட்டிருக்கணும். மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை.

ஆனா சாப்பிடுறவங்க ஒன்றில்லையே! கெட்டுப்போன குழம்பு உங்களுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. 80 வயது பாட்டிக்கு அது மருத்துவமனை வரை போகலாம்.

1984 ஆகஸ்ட்டில் இங்கிலாந்தின் வேக்ஃபீல்டில் இருந்த ஸ்டான்லி ராய்ட் மருத்துவமனையில் நடந்தது இதுதான். பெரும்பாலும் வயதான நோயாளிகள் தங்கியிருந்த இடம். சமைத்த மாட்டிறைச்சியைக் குளிர்பெட்டியில் வைக்காமல் மணிக்கணக்கில் வெளியே விட்டார்கள். சால்மோனெல்லா கிருமி பரவி 19 நோயாளிகள் இறந்தார்கள். அரசு மருத்துவமனைச் சமையலறைகளுக்கு உணவுச் சட்டத்திலிருந்து இருந்த விலக்கு, அதன் பிறகு 1986-இல் நீக்கப்பட்டது.

மேற்பார்வையாளரின் வேலை சமைப்பது அல்ல. சமைத்த சாப்பாடு 60 பாகைக்கு மேல் சூடாக இருக்கா, குளிர்பெட்டி 4 பாகைக்குள் இருக்கா, காய்ச்சலோடு வந்த பணியாளரை வீட்டுக்கு அனுப்பியாச்சா என்று தினமும் பார்ப்பது. ஆள் பற்றாக்குறை நாளில் கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். அனுப்பிட்டா யார் சமைப்பா?

இன்னொன்று, விழுங்குவது. பக்கவாதம், மறதி நோய் உள்ளவர்களுக்குச் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். இதற்காக ‘ஐடிடிஎஸ்ஐ’ என்ற அனைத்துலக அளவுகோல் இருக்கு, 0 முதல் 7 வரை. 5-ஆம் நிலை என்றால் துண்டுகள் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது; முள்கரண்டியின் இடைவெளியே அளவு. நம்ம வீட்டில் ‘மென்மையானது’ என்று நம்பிக் கொடுக்கும் கஞ்சிகூட, தண்ணீர் தனியாகவும் பருக்கை தனியாகவும் பிரிந்தால் இவங்களுக்கு ஆபத்து. அடிப்படை உணவு கையாளுநர் பயிற்சி சுத்தத்தைப் பற்றியது. எந்தப் பாட்டிக்கு எந்த நிலை என்பது அதில் வராது. அதைச் சமையல்காரரிடம் சொல்ல ஓர் ஆள் வேணும்.

மலேசியாவில் நான்கு பேர் அல்லது அதற்கு மேல் தங்கும் பராமரிப்பு இல்லங்கள், 1993 பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் சமூக நலத்துறையில் பதிய வேண்டும். தாதியர் பராமரிப்பு தரும் தனியார் இல்லங்களுக்காக 2018-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது; அது சுகாதார அமைச்சின் பொறுப்பு. ஆக, பெயர்ப்பலகையில் ‘முதியோர் இல்லம்’ என்று மட்டும் இருந்தால், எந்தப் பதிவு என்று முதலில் கேளுங்க.

பிறகு சமையலறையை எட்டிப் பாருங்க. வெப்பநிலை எழுதும் தாள் இருக்கா? இன்றைய தேதி வரை நிரப்பியிருக்கா, இல்லை மாதம் முழுக்க ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருக்கா? பாட்டியின் உணவு நிலை சமையல்காரர் பார்க்கிற இடத்தில், அவருக்குப் புரியும் மொழியில் ஒட்டியிருக்கா? மேற்பார்வையாளருக்கு விடுமுறை என்றால், அன்றைக்கு இதையெல்லாம் யார் பார்க்கிறாங்க?