ஞாயிறு யாருக்கு ஓய்வு நாள்?



2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னை உயர்நீதிமன்றம் நமது நீலகிரிக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு வரம்பு விதித்தது நினைவிருக்கும். ஏப்ரல் 1 முதல் கோடைக்காலம் முடியும்வரை வார நாட்களில் 6,000 வாகனங்கள், சனி ஞாயிறுகளில் 8,000 வாகனங்கள். 2024 மே 7 முதலே இ-பாஸ் முறையும் இருக்கிறது. இதனால் வியாபாரம் குறையும் என்று வணிகர்கள் வருந்தினார்கள். மலை தாங்காது என்று சூழலியலாளர்கள் சொன்னார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் அந்த எண்களில் நம்மைப் போன்ற விசுவாசிகள் கவனிக்க வேண்டிய வேறொன்று இருக்கிறது. வாரத்தின் ஏழு நாட்களில் நீலகிரி மிக அதிகமாக உழைக்கும் நாள் ஆண்டவருடைய நாள்தான்.

சீசன் காலத்தில் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஊட்டியில் யார் யார் வேலையில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வேன் ஓட்டுநர், காட்டேஜில் அறை துடைக்கும் பெண், ஓட்டலில் இட்லி ஊற்றுபவர், வர்க்கி கடைப் பையன், தாவரவியல் பூங்கா வாசலில் ஸ்வெட்டர் விற்பவர். இவர்களில் நம் பங்கு மக்கள் எத்தனை பேர்! தேயிலைப் பக்கமும் இதே கதைதான். இலை அதிகமாக வரும் மாதங்களில் கொழுந்து ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பதில்லை. முற்றினால் தரம் போய்விடும். பறித்தால் அன்றே தொழிற்சாலைக்குப் போக வேண்டும். பச்சைத் தேயிலைக்குக் கிலோ 33 ரூபாய் 50 காசாவது குறைந்தபட்ச விலை வேண்டும் என்று 2023-இல் சிறு விவசாயிகள் போராடினார்களே, அந்த நிலையில் உள்ள ஒரு குடும்பம் ஒரு நாள் இலையை விட்டுவிட எவ்வளவு யோசிக்கும்!

"இறைவழிபாட்டுக்கு முதலிடம் கொடுங்கள்" என்று மறையுரையில் கேட்கிறோம். நல்லதுதான், கேட்க வேண்டியதுதான். ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் அந்த நேரத்தில் கோவிலில் இல்லை, மேட்டுப்பாளையம் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். கோவிலில் உட்கார்ந்து தலையாட்டுகிற நமக்கோ அது புதிய செய்தி அல்ல.

இந்த இடத்தில் விவிலியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஓய்வுநாள் கட்டளை இரண்டு இடங்களில் வருகிறது. விடுதலைப் பயணம் 20-ஆம் அதிகாரம் படைப்பைக் காரணமாகச் சொல்கிறது. இணைச் சட்டம் 5-ஆம் அதிகாரமோ எகிப்தின் அடிமை வாழ்வை நினைவூட்டி, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் ஓய்வெடுக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அதாவது, கட்டளை முதலில் முதலாளியின் காதில்தான் விழுகிறது! இன்னும் பின்னே போனால், பாலைநிலத்தில் ஆண்டவருக்கு வழிபாடு செலுத்த மூன்று நாள் பயணம் போக விடும்படி மோசே பார்வோனிடம் கேட்கிறார். பார்வோனின் பதில் என்ன? சோம்பேறிகள் என்று ஏசி, வைக்கோல் தருவதை நிறுத்தி, செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல் விடுகிறான். வழிபாட்டுக்கு நேரம் கேட்டவனுக்குக் கிடைத்தது கூடுதல் வேலை. நம் நாட்டில் லீவு கேட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த அதிகாரத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது.

தொடக்கத் திருச்சபையிலும் ஞாயிறு விடுமுறை நாள் அல்ல. மன்னர் கான்ஸ்டன்டைன் 321-இல் சட்டம் இயற்றும்வரை கிறிஸ்தவர்கள் வேலை நாளில்தான், விடியுமுன்னோ இருட்டிய பின்னோ கூடினார்கள். 304-ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவின் அபிட்டினா ஊரில் 49 பேர் ஞாயிறு நற்கருணைக்குக் கூடியதற்காகக் கைது செய்யப்பட்டு மறைசாட்சிகளானார்கள். ஞாயிறு இன்றி எங்களால் வாழ முடியாது என்பதே அவர்கள் நீதிபதிக்குத் தந்த விளக்கம். திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2005 மே மாதம் பாரி நகரில் இவர்களை நினைவுகூர்ந்தார். ஆகவே நேரமில்லை என்பதை எப்போதும் காரணமாகச் சொல்லிவிட முடியாது என்பதும் உண்மை. 2020-இல் கொரோனாவால் கோவில்கள் அடைக்கப்பட்டபோது கைப்பேசியில் திருப்பலி கண்டோம்; அன்று அது ஆறுதல். கோவில் திறந்து இத்தனை ஆண்டுகளான பிறகும், உடல்நலம் இருந்தும், போர்வைக்குள் இருந்தபடியே திருப்பலி "பார்க்கிறவர்கள்" நம்மிடையே உண்டு. குளிர் ஒரு காரணமா? அதே குளிரில்தான் தோட்டத்துத் தாய்மார்கள் ஐந்து மணிக்கு அடுப்புப் பற்ற வைக்கிறார்கள்.

திருச்சபையின் சட்டம் உழைப்பவரின் நிலை அறியாததல்ல. சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு கடமை நிறைவேறும் என்று 1248-ஆம் விதி கூறுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2187-ஆம் எண்ணில், பிறர் ஆண்டவரின் நாளை அனுசரிக்கத் தடையாகும் தேவையற்ற வேலைகளை அவர்மேல் சுமத்தலாகாது என்கிறது. உணவகம் போன்ற இடங்களில் ஞாயிறன்றும் சிலர் வேலை செய்தே ஆக வேண்டும் என்பதையும் அது ஒப்புக்கொள்கிறது. நாட்டுச் சட்டமும் 1951-இலேயே தோட்டத் தொழிலாளிக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வுக்கு வழிசெய்தது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2024 அக்டோபரில் இயேசுவின் திரு இருதய பக்தியைப் பற்றிச் சுற்றுமடல் எழுதினார். திரு இருதய ஆண்டவர் பேராலயத்தைத் தாய்க்கோவிலாகக் கொண்ட நமக்கு அது சொந்த மடல் போன்றது. அதன் தொடர்ச்சியாக, அவர் தொடங்கி வைத்ததைத் திருத்தந்தை 14-ஆம் லியோ 2025 அக்டோபரில் நிறைவு செய்து வெளியிட்ட அறிவுரை மடலின் பொருள், ஏழைகள் மீதான அன்பு. பக்தி முதலில், ஏழை இரண்டாவது என்று இந்த வரிசையைப் புரிந்துகொள்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இருதயத்தின் முன் உண்மையாகவே முழந்தாளிட்டவன் வீட்டுக்குத் திரும்பியதும், தன் காட்டேஜில் வேலை செய்யும் பெண்ணிடம், "நீ பூசைக்குப் போனாயா அம்மா?" என்று கேட்காமல் இருக்க மாட்டான்.

நம்மில் விடுதி நடத்துபவர்கள், கடை வைத்திருப்பவர்கள், வண்டிகளை வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறோம். வேலையாட்களில் பாதிப் பேரைச் சனி மாலைக்கும், மீதிப் பேரை ஞாயிறு காலைக்கும் ஒன்றரை மணி நேரம் விட்டுக் கொடுக்க முடியாதா? அதற்குச் சம்பளம் பிடிக்காமல்! பங்குகளிலும், சீசன் மாதங்களில் ஓட்டுநர்களும் ஓட்டல் தொழிலாளர்களும் வரக்கூடிய நேரத்தில் ஒரு திருப்பலி வைக்க முடியுமா என்று அவர்களையே கேட்டுப் பார்க்கலாம். மே மாதத்தில் காந்தல் குருசடித் திருவிழாவும் சீசனும் ஒன்றாக வருகின்றன. திருச்சிலுவையின் திருப்பண்டத்தை முத்தமிட வெளியூர் மக்கள் வண்டி வண்டியாக வருவார்கள். அவர்களை அழைத்துவரும் ஓட்டுநர் வண்டியை எங்கே நிறுத்திவிட்டு உள்ளே வருவார் என்பதை, அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் யாராவது எழுந்து கேளுங்கள்.