இரவு பதினொரு மணிக்கு யார் போனை எடுப்பது?

ஷா ஆலாமில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் எழுதியிருந்தார். பகலில் சம்பள வேலை. மாலையில் நண்பர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறாராம். “மாதம் நூறு வெள்ளிக்குள் ஹோஸ்டிங் ரீசெல்லர் தொழில் தொடங்கலாம் என்கிறார்களே, உண்மையா?” என்பது அவர் கேள்வி.

உண்மைதான். நானும் அப்படித் தொடங்கியவன். ஆறு ஆண்டுகள், நாற்பது சொச்சம் வாடிக்கையாளர்கள். அம்மாவைக் கேட்டால் இன்றும் “மவன் கம்ப்யூட்டர் வாடகைக்கு விடுறான்” என்றுதான் சொல்வார். அவர் சொல்வது பெரிய தவறும் இல்லை.

சைபர்ஜெயாவிலோ சிங்கப்பூரிலோ ஒரு தரவு மையத்தில் பெரிய நிறுவனம் சர்வர் வைத்திருக்கும். அதில் ஒரு பகுதியை உங்களுக்கு மொத்த விலைக்குத் தரும். நீங்கள் அதைச் சின்னச் சின்னக் கணக்குகளாகப் பிரித்து, உங்கள் பெயரில், உங்கள் விலையில் கொடுக்கிறீர்கள். கடைவீட்டின் மாடியை மொத்தமாக வாடகைக்கு எடுத்து அறை அறையாக உள்வாடகைக்கு விடுவதுபோல. குழாய் உடைந்தால் அறையில் இருப்பவர் உங்களைத்தான் கூப்பிடுவார். கட்டட உரிமையாளர் யாரென்றே அவருக்குத் தெரியாது.

முதலில் கணக்கு. மொத்த விலை மாதம் 90 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,080. வாடிக்கையாளரிடம் ஆண்டுக்கு 180 வெள்ளி வாங்கினால் ஆறு பேரில் முதல் வந்துவிடும். இருபது பேர் சேர்ந்தால் 2,520 வெள்ளி மிச்சம், அதாவது மாதம் 210. அதில் பில் மென்பொருள், தனி பேக்கப் இடம், போன் செலவு எல்லாம் போகவேண்டும். வீட்டில் நான்கு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர் இதைவிட நிம்மதியாகச் சம்பாதிப்பார். ஆகவே வேலையை விட்டுவிடாதீர்கள். வெப்சைட் செய்து தரும் வேலைக்குத் துணையாக இருந்தால் மட்டுமே ஹோஸ்டிங்கில் பலன் உண்டு.

மொத்த விலை பெரும்பாலும் அமெரிக்க டாலரில் இருக்கும், நாம் வாங்குவது ரிங்கிட். இன்னொன்றும் உண்டு. 2019-இல் சிபேனல் நிறுவனம் தன் உரிமக் கட்டணத்தை மாற்றியது. அதுவரை சர்வருக்கு ஒரே விலை. பிறகு கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற விலை. மேலே ஏறிய விலை கீழே இருந்த சிறு ரீசெல்லர்கள் தலையில் இறங்கியது. “மூன்று ஆண்டுக்கு இதே விலை” என்று வாக்குக் கொடுத்தவர்கள் கையைக் கடித்துக்கொண்டார்கள். ஓராண்டு விலைக்கு மேல் யாருக்கும் உறுதி தராதீர்கள்.

பதிவு சுலபம். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60.

இனி, அந்த வாசகர் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும். கிள்ளானில் பலகாரக் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா என் வாடிக்கையாளர். முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை எல்லாவற்றுக்கும் வெப்சைட்டில்தான் முன்பதிவு. ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு அழைப்பு. “தம்பி, கடையைக் காணோமே!” நான் இடம் எடுத்திருந்த நிறுவனத்தின் சர்வரில் வட்டு போய்விட்டது. விடியும்வரை அவர்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். காலையில் பதில் வந்தது: கடைசி பேக்கப் பதினொரு நாள் பழையது. கூடவே ஒரு வரி. பேக்கப் வைத்துக்கொள்வது வாடிக்கையாளர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். இருந்தது. நான் படிக்காமலே ‘சம்மதம்’ என்று அழுத்தியிருந்தேன்.

பதினொரு நாள் முன்பதிவு என்றால், தீபாவளி வியாபாரத்தில் பாதி. அக்காவிடம் போய், “அந்தக் கம்பெனிதான்கா...” என்று இழுத்தேன். அவர் கோபப்படவில்லை. “அந்தக் கம்பெனி யாருன்னு எனக்குத் தெரியாது தம்பி. உங்களைத்தான் தெரியும்” என்றார்.

மின்னஞ்சல்களும் அதே சர்வரில்தான் இருந்தன. நல்லவேளை, முன்பதிவு வரும்போதெல்லாம் ஒரு பிரதி அக்கா மகளின் ஜிமெயிலுக்கும் போகும்படி எப்போதோ போட்டு வைத்திருந்தேன். மூன்று இரவு, கடைக்குப் பின்னால் மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அந்த மின்னஞ்சல்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் பார்த்துப் பார்த்து மறுபடி தட்டினோம். நான்கு பேருடையது விட்டுப்போனது. அவர்களுக்கு அக்கா கைப்பட எடுத்துப்போய்க் கொடுத்தார். அடுத்த ஆண்டுக் கட்டணத்தை நான் வாங்கவில்லை.

இது சின்ன நிறுவனங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்து, ஒரு கட்டடமே முழுதாக எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலருக்கு இரண்டும் சேர்ந்து போயின. எனவே ஒரு பிரதி வேறு ஊரில், வேறு நிறுவனத்திடம் இருக்கட்டும். அந்த இடத்துக்கு மாதம் பத்து, இருபது வெள்ளி போகும். 180 வெள்ளிக் கட்டணத்தில் இதையும் சேர்த்துத்தான் விலை போடவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கணக்கையாவது அந்தப் பிரதியிலிருந்து எடுத்துப் போட்டுப் பாருங்கள். நான் முதல் முறை போட்டுப் பார்த்தபோது கோப்பு திறக்கவே இல்லை.

மொத்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். பணம் கட்டுவதற்கு முன், ஞாயிறு நள்ளிரவில் ஒரு கேள்வி அனுப்புங்கள். மனிதர் ஒருவர் எத்தனை மணிக்குப் பதில் எழுதுகிறார் என்று பாருங்கள். விளம்பரத்தில் உள்ள 99.9 விழுக்காட்டை நம்பி உட்காராதீர்கள். அந்தக் கணக்கிலேயே மாதம் 43 நிமிடம் படுத்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதி உண்டு.

வெப்சைட்டைவிட அதிக அழைப்பு வருவது மின்னஞ்சலுக்குத்தான். ஒரே சர்வரில் இருக்கும் முகம் தெரியாத ஒருவரின் வேர்ட்பிரஸ் தளத்தில் யாரோ புகுந்து குப்பை அஞ்சல் அனுப்பினால், அந்த சர்வர் முகவரியே கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும். உங்கள் வாடிக்கையாளர் அனுப்பும் விலைப்பட்டியல் ஸ்பேமில் விழும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இன்னும் கண்டிப்பு. எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளைக் கணக்குத் திறக்கும் அன்றே போட்டுவிடுங்கள். மின்னஞ்சலை நம்பித் தொழில் செய்பவரென்றால், வழக்கறிஞர், கணக்காளர் போன்றோர், அவரைக் கூகிள் அல்லது மைக்ரோசாப்ட்டின் கட்டணச் சேவைக்கு நீங்களே அனுப்பிவிடலாம். சில வெள்ளி குறையும், தூக்கம் கெடாது.

டொமேனை வாடிக்கையாளர் பெயரிலேயே, அவர் மின்னஞ்சலிலேயே பதியுங்கள். தன் பெயரில் பதிந்து வைத்துக்கொண்டு, சண்டை வந்ததும் கொடுக்க மறுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தொழில் இல்லை, பிணை பிடிப்பது. டாட் காம் டாட் எம்ஒய் முகவரிக்கு அவருடைய எஸ்எஸ்எம் பதிவு விவரம் வேண்டும். டாட் காம் காலாவதியாகிச் சலுகை நாளும் கடந்து நீக்கப்பட்டால், 30 நாள் மீட்புக் காலத்தில் பெரிய கட்டணம் கட்டித்தான் எடுக்க முடியும். அதன்பின் ஐந்து நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். இரண்டு மாதம் முன்பே நினைவூட்டுங்கள். மின்னஞ்சல் போதாது, போன் செய்யுங்கள்.

கடைசியாக வீட்டு விஷயம் ஒன்று. ஒருமுறை டெங்கி வந்து ஐந்து நாள் வார்டில் கிடந்தேன். எல்லாக் கடவுச்சொல்லும் என் மண்டைக்குள். மனைவிதான் வந்த அழைப்புகளுக்கெல்லாம் “அவருக்குக் காய்ச்சல்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீடு திரும்பிய வாரமே, எந்த நிறுவனத்திடம் எது இருக்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, கடவுச்சொற்களோடு உறையில் போட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்தேன். இதே வேலை செய்யும் ஈப்போ நண்பர் ஒருவருடன் ஓர் ஏற்பாடும் உண்டு. நான் படுத்தால் அவர் பார்ப்பார், அவர் ஊருக்குப் போனால் நான்.

ஷா ஆலாம் தம்பி, மூன்று பேரோடு தொடங்குங்கள். ஒரு தீபாவளி தாண்டட்டும், பிறகு நான்காவது ஆளைச் சேர்க்கலாம். கிள்ளான் அக்கா இன்றும் என்னிடம்தான் இருக்கிறார். நோன்புப் பெருநாள் முடிந்ததும் 180 வெள்ளியை அனுப்பிவிடுவார். குறிப்பு எழுதும் இடத்தில் ஒவ்வொரு முறையும் “கடை வாடகை” என்று இருக்கும்.