பிள்ளையார் உட்கார இடமில்லை

வருஷக்கணக்கில் துப்பாக்கி முனையில் வேலை பார்த்திருக்கிறீர்கள், தெரியுமோ? மேனேஜரைச் சொல்லவில்லை. 2000-களின் நடுப்பகுதி வரை நம் ஆபீஸ் மேஜைகளில் பாதியை அடைத்துக்கொண்டு குந்தியிருந்த டப்பா மானிட்டரைச் சொல்கிறேன். அதன் பின்கழுத்தில் இருந்த சமாசாரத்துக்குப் பெயரே எலெக்ட்ரான் துப்பாக்கிதான். உங்கள் மூக்கைப் பார்த்து ஓயாமல் சுட்டுக்கொண்டிருந்தது. கலர் என்றால் மூன்று துப்பாக்கி. 20,000 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம். குண்டுகளைக் கண்ணாடியின் உட்பக்கம் தடவியிருந்த பாஸ்பர் வாங்கிக்கொண்டு ஒளிர, நாம் அதில் சம்பளப் பட்டியல் பார்த்தோம். ஆள் நடமாட்டம் இல்லாதபோது ஸாலிட்டேர்.

இந்தக் குழாயை 1897-ல் செய்து காட்டியவர் ஃபெர்டினாண்ட் பிரவுன் என்கிற ஜெர்மானியர். அதை வீட்டுக்கு அனுப்பிய தட்டை மானிட்டர் நேற்றுப் பிறந்த பொடியன் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. 1888-லேயே ரெய்னிட்ஸர் என்கிற ஆஸ்திரிய தாவரவியல்காரர், கொலஸ்ட்ராலில் செய்த ஒரு பொருளைச் சூடாக்கினார். அது 145 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது. 178-ல் மறுபடி 'உருகி'த் தெளிந்தது. திரவமா படிகமா என்று யாருக்கும் விளங்கவில்லை. இரண்டும்தான் என்று பிற்பாடு தெரிந்து, திரவப் படிகம் என்று பெயர் வைத்தார்கள். ஆக, குழாய்க்கு இது ஒன்பது வயது மூத்த அண்ணன். 1968-ல்தான் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி, இதை வைத்துத் திரை பண்ணலாம் என்று அறிவித்தது. அண்ணனுக்கு லேட்டாகத்தான் வேலை கிடைத்தது, நம்மில் பலரைப் போல.

தட்டையில் துப்பாக்கி கிடையாது. பின்னால் ஒரு விளக்கு, முன்னால் லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி ஜன்னல்கள். மின்சாரம் சொன்னபடி அவை திறக்கும், மூடும், அவ்வளவுதான். அதனால்தான் 15 கிலோவுக்கு மேல் இருந்த 17 இன்ச் மானிட்டர், 5 கிலோ சொச்சத்துக்கு இளைத்தது. கரண்ட் செலவு பாதிக்கும் கீழே. கண் கடுக்கும் அந்த மினுமினுப்பு போச்சு. மேஜையில் டிபன் பாக்ஸ் வைக்க இடம் வந்தது.

நஷ்டமும் உண்டு ஸார். ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் வைத்துப் பூ சாத்த அகன்ற நெற்றி இருந்தது பழசுக்கு. தலைமேல் பிள்ளையார், பக்கத்தில் தினசரி காலண்டர், வீடாக இருந்தால் கதகதப்புக்குப் பூனை. தட்டையின் விளிம்பில் பிள்ளையாரை உட்கார வைத்தால் தண்டவாளத்தில் யானை நிற்கிற மாதிரி. டி.வி.யைப் பார்த்து வாத்து சுடுகிற வீடியோ கேம் துப்பாக்கி ஞாபகமிருக்கிறதா? குழாய் டி.வி. படம் வரைகிற வேகத்தை நம்பிச் செய்தது அது. தட்டையில் எத்தனை சுட்டாலும் வாத்து சாகாது.

போகட்டும். நான் கேட்க வந்தது வேறு. பழசெல்லாம் எங்கே போச்சு?

நிறைய பேர் வீட்டில் பரண்மேல் இருக்கிறது, பழைய டி.வி.யாகவோ மானிட்டராகவோ. தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது, "இதைத் தூக்கிப் போட மாட்டீங்களா?" என்று மனைவி கேட்க, காயலான் கடைக்காரர் நினைவுக்கு வருவார். அவருக்குக் கண்ணாடி வேண்டாம். கழுத்தில் சுற்றியிருக்கிற தாமிரக் கம்பிதான் வேண்டும். சுத்தியலால் ஒரு போடு. கம்பி கைக்கு வந்துவிடும். கூடவே பாஸ்பர் தூள் பறக்கும். கலர் குழாயின் பின்பக்கக் கூம்புக் கண்ணாடியில் சுமார் 20 சதவீதம் ஈய ஆக்ஸைடு. எக்ஸ்ரே வெளியே வந்து நம்மைத் தாக்காமல் இருக்கத்தான் அதைச் சேர்த்தார்கள். இத்தனை வருஷம் நம்மைக் காப்பாற்றிய ஈயம், உடைத்ததும் தூளாகி அந்தப் பக்கம் நிற்கிறவர் மூச்சில் போகிறது. டெல்லி சீலம்பூர் மாதிரி இடங்களில் மாஸ்க்கோ கையுறையோ இல்லாமல் இந்த வேலையைச் செய்தவர்கள் ஏராளம். ஈயம் சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும்.

புதுசும் சாது இல்லை. ஆரம்பகாலத் தட்டை மானிட்டர்களில் பின்விளக்கு சின்ன டியூப்லைட், உள்ளே பாதரசம். எல்.இ.டி. வந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. மின்னணுக் கழிவு விதிகள் 2011-ல் வந்தன. 2022-ல் புதுப்பித்து, 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறை. பெரிய ஆபீஸ்கள் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர் போன்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும், ஏலத்தில் எடுக்கும் யாரோ ஒருவரிடம் அல்ல. உங்கள் ஆபீஸ் ஸ்டோர் ரூமில் அடுக்கி வைத்திருந்த டப்பாக்கள் யாரிடம் போயின என்று அட்மின் செக்‌ஷனில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ரசீது இருந்தால் சந்தோஷம்.

வீட்டுப் பரணில் இருப்பதற்கும் அதே மாதிரி பதிவு பெற்ற ஆளைத் தேடுங்கள். கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும், ஐம்பது ரூபாய் குறைச்சலாகக்கூடக் கிடைக்கும். 'உள்ளே என்னதான் இருக்கிறது' என்று ஸ்க்ரூ டிரைவரோடு மட்டும் உட்காராதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாய் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும். துப்பாக்கி ஓய்வு பெற்றாலும் கடைசியாக ஒரு தோட்டா பாக்கி.

கீழே இறக்கும்போது இரண்டு பேர் பிடியுங்கள். தலைமேல் பிள்ளையார் இன்னும் இருந்தால் முதலில் அவரை இறக்குங்கள்.