பங்காளித் தகராறு

பிரம்பு என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? கணக்கு வாத்தியார்தானே? சரி, அந்தப் பிரம்பு என்ன குடும்பம்? 'மூங்கில்' என்று சொன்னவர்கள் கையை நீட்டுங்கள்! மூங்கில் புல் வகை, உள்ளே காலி. பிரம்பு, பனைக்கும் தென்னைக்கும் சொந்தக்காரன். உள்ளே கெட்டி.

தென்னை சொந்தக் காலில் நிற்கும். பிரம்புக்கு அந்த ரோஷம் கிடையாது. முள்சாட்டையை வீசி, பக்கத்து மரத்தைக் கொக்கி போட்டுப் பிடித்து, அதன் தயவில் மேலே போகிற ஆசாமி. சுமார் 600 ரகம் உண்டு. மலேசியா, சுமத்ரா காடுகளில் இருக்கும் 'மனாவ்' 100 மீட்டரையும் தாண்டும். சில ரகங்களில் எறும்புகள் வாடகை இல்லாமல் குடியிருக்கின்றன. யாராவது தொட்டால் எல்லாமாகச் சேர்ந்து தண்டில் தட்டிச் சடசடவென்று மிரட்டும். கூர்க்கா செலவு மிச்சம்!

போர்னியோ தீவில் கலிமந்தான் என்று இந்தோனேஷியப் பகுதி ஒன்று. அங்குள்ள தயாக் மக்களுக்குக் கயிறு, பாய், மீன்பொறி, முதுகுக்கூடை எல்லாமே பிரம்புதான். குருத்தைச் சமைத்தும் சாப்பிடுகிறார்கள், கசக்கும். நெல் அறுத்த நிலத்தில் 'சேகா' என்ற பிரம்பை நட்டுவிட்டு வந்துவிடுவார்கள். காடு தானாக வளரும். பிரம்பு அதைப் பிடித்து ஏறும். 7-10 வருஷத்தில் முதல் வெட்டு. புதராக வளர்கிற ரகம் என்பதால் வெட்ட வெட்டத் துளிர்க்கும். வீட்டில் கல்யாணமா, பிள்ளைக்குப் படிப்புச் செலவா? நாலு கட்டு வெட்டு! நம்ம பி.எஃப். லோன் மாதிரிதான். ஆனால் மேனேஜர் கையெழுத்து வேண்டாம்.

மனாவ் பாவம், ஒற்றைத் தண்டு. ஒரு வெட்டோடு கதை முடிந்தது. அதிலும் ஆண் செடி தனி, பெண் செடி தனி. காய்ப்பதற்குள் இரண்டில் ஒன்று சோபாவாகிவிட்டால் விதைக்கு எங்கே போவது?

2011 கடைசியில் கச்சாப் பிரம்பு ஏற்றுமதிக்கு இந்தோனேஷியா தடை போட்டது. நாற்காலியாகச் செய்து அனுப்பினால் உள்ளூரில் வேலை பெருகுமே என்று கணக்கு. ஆனால் வாங்க ஆள் குறைந்ததும் காட்டில் விலை விழுந்தது. கட்டுப்படியாகாத பலர் பிரம்புத் தோட்டத்தை அழித்து ரப்பரும் பாமாயில் பனையும் வைத்துவிட்டார்கள். தாங்குகிற மரமே போனால் பிரம்பு எதைப் பிடித்து ஏறும்?

இதில் வேடிக்கை, பாமாயில் பனையும் அதே பனைக் குடும்பம். பங்காளித் தகராறு காடு வரைக்கும் போய்விட்டது!

பிரம்பு இல்லாத பள்ளிக்கூடம் ரொம்ப நல்லது. பிரம்பு இல்லாத காடு?