நீலகிரியில் ஜனத்தொகை குறைந்தது ஏன்?

ஜனத்தொகை என்றால் பெருகிக்கொண்டே போவது என்றுதான் எல்லோரும் எண்ணுகிறார்கள். பத்து வருஷத்துக்கு ஒரு முறை கணக்கெடுத்தால், பழைய எண்ணைவிடப் புதிய எண் பெரிதாகவே இருக்கும். இந்த எண்ணத்தைப் பொய்யாக்கிய ஜில்லா ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. அதுதான் நீலகிரி.

2001-ம் வருஷக் கணக்குப்படி நீலகிரியில் 7,62,141 பேர் இருந்தார்கள். 2011-ல் எண்ணியபோது 7,35,394 பேரே இருந்தார்கள். பத்து வருஷத்தில் 26,747 பேர் குறைந்துவிட்டார்கள். அதே காலத்தில் தமிழ்நாட்டின் மொத்த ஜனத்தொகை நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் பெருகி, 7 கோடியே 21 லட்சத்தைத் தாண்டியது. அப்போதிருந்த 32 ஜில்லாக்களில் ஜனத்தொகை இறங்கியது நீலகிரியில் மட்டுமே.

2021-ல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கு தள்ளிப்போய்விட்டது. 2027 மார்ச் 1-ந் தேதியை வைத்துப் புதிய கணக்கு எடுக்கப்படும் என்று 2025 ஜூன் மாதம் மத்திய சர்க்கார் அறிவித்தது. அந்தக் கணக்கில் நீலகிரியின் எண் மேலும் இறங்குமா, ஏறுமா என்பது ஒரு கேள்வி. அந்த எண்ணுக்குள் யார் யார் அடங்குவார்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

அடுப்புக் கணக்கு

சென்ஸஸ் இலாகாவுக்குக் குடும்பம் என்பது ரத்த உறவு மட்டும் அல்ல. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தால் அது இரண்டு குடும்பம். விடுதி, ஆசிரமம், சிறைச்சாலை போன்ற இடங்களில் உறவில்லாமல் சேர்ந்து உண்பவர்களை ஸ்தாபனக் குடும்பம் என்று தனியாக எழுதுவார்கள். லவ்டேலில் 1858-ல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி போன்ற விடுதிப் பள்ளிகள் நீலகிரியில் பல உண்டு. வெலிங்டனில் ராணுவ அதிகாரிகளின் கல்லூரியும், மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி நிலையமும் இருக்கின்றன. ஆகையால் இங்கே இந்தப் பிரிவு அலட்சியம் செய்யக்கூடியது அல்ல.

எல்லாம் சேர்த்து, 2011-ல் நீலகிரியில் 1,97,653 குடும்பங்கள் இருந்தன. ஜனத்தொகையை இதனால் வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு 3.7 பேர் வருகிறது. தாய், தகப்பன், இரண்டு குழந்தைகள் என்று நாலு பேர் கொண்ட குடும்பம் கூடச் சராசரிக்குக் கிட்டவில்லை. ஏழு வயது நிரம்பாத குழந்தைகள் 66,799 பேர். அதாவது நூற்றுக்கு ஒன்பது பேர். தமிழ்நாடு முழுவதற்கும் இந்த விகிதம் பத்துக்குச் சற்று மேல்.

வந்தேறிய மலை

இந்த மலை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1901-ல் நீலகிரியில் இருந்தவர்கள் 1,12,882 பேர். நூறு வருஷத்தில் அது ஏழு மடங்கை நெருங்கியது. பிறப்பால் மட்டும் இவ்வளவு பெருக்கம் வரவில்லை. மலை ஏறி வந்தவர்களாலும் வந்தது.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் மலையின் பழங்குடிகள். 1901-ல் 800 சொச்சமாக இருந்த தோடர்கள், 2011-ல் 2,000 பேரை எட்டினார்கள். படகர் சமூகம் தன் ஹட்டிகளில் பல நூற்றாண்டாக உழுது வாழ்கிறது. 2011 கணக்கில் படக மொழி பேசுவோர் 1,33,550 பேர். 1819-ல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலைக்கு வந்த பிறகு கோடை வாசஸ்தலம் தோன்றியது. பிறகு காப்பி, தேயிலைத் தோட்டங்கள் வந்தன. தோட்ட வேலைக்குக் கோயமுத்தூர், மைசூர், மலையாளப் பகுதிகளிலிருந்து ஜனங்கள் வந்தார்கள். 1950-களில் குந்தா மின்சாரத் திட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து, அவர்களில் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வரவு இலங்கையிலிருந்து வந்தது. 1948-ல் இலங்கை இயற்றிய பிரஜா உரிமைச் சட்டம், அங்கே மலைத் தோட்டங்களில் உழைத்த லட்சக்கணக்கான தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் பிரதமர்கள் லால்பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. இலங்கையில் கொழுந்து பறித்துப் பழகிய கைகளுக்கு இங்கேயும் அதே வேலை கொடுப்பதற்காகத் தமிழக சர்க்கார் 1968-ல் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதுவே பின்னர் ‘டான்டீ’ என்ற தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் தாயகம் திரும்பியோர் குடியமர்ந்தார்கள்.

இதன் விளைவு கணக்கில் தெரிந்தது. 1971-ல் 4,94,015 ஆக இருந்த ஜனத்தொகை 1981-ல் 6,30,169 ஆயிற்று. இது நூற்றுக்கு 27-க்கு மேற்பட்ட பெருக்கம். தமிழ்நாடு அந்தப் பத்து வருஷத்தில் பெருகியது 17 சதவிகித அளவே. ஆக, தமிழ்நாட்டைவிட வேகமாகப் பெருகிய ஜில்லாதான் முப்பது வருஷத்தில் தமிழ்நாட்டிலேயே குறைந்த ஒரே ஜில்லா ஆகிவிட்டது.

ஐந்து ரூபாய் சேமிப்பு

குறைவுக்கு முதல் காரணம் சிறு குடும்பம். தமிழ்நாடு முழுவதும் பரவிய இந்தப் பழக்கம் நீலகிரித் தோட்டங்களில் முன்னதாகவே வேரூன்றத் தொடங்கியது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்டக்காரர் சங்கமான ‘உபாசி’, 1971-ல் சில தேயிலைத் தோட்டங்களில் ஒரு புதுமையான பரீட்சை செய்தது. பெண் தொழிலாளி கர்ப்பமாக இல்லாத ஒவ்வொரு மாதத்துக்கும் 5 ரூபாய் அவள் பெயரில் சேமிப்பில் போடப்படும். குழந்தை பிறந்தால் அதில் ஒரு பகுதி கழியும். வேலையிலிருந்து விலகும் வயதில் மொத்தமாகக் கையில் கிடைக்கும். ‘பிள்ளைகளே முதுமைக்கு ஆதாரம்’ என்று நம்பிய குடும்பத்துக்கு, வேறொரு ஆதாரத்தைக் காட்டும் முயற்சி அது. உலகின் பல நாடுகளில் குடும்பக் கட்டுப்பாட்டு நிபுணர்கள் இந்தப் பரீட்சையைக் கூர்ந்து படித்தார்கள்.

ஆனால் சிறு குடும்பம் மட்டுமே காரணம் என்றால் ஜனத்தொகை மெதுவாகப் பெருகுமே தவிர, குறையாது. ஏழு வருஷத்தில் பிறந்து உயிரோடு இருக்கும் குழந்தைகளே 66 ஆயிரத்துக்கு மேல் இருக்கையில், இறப்பைவிடப் பிறப்பு அதிகம் என்பது தெளிவு. அப்படியும் கணக்கில் 26,747 பேர் குறைந்தார்கள் என்றால், மலையை விட்டு இறங்கியவர்கள் அதைவிட அதிகம் என்றே அர்த்தம்.

இறங்கியது யார்?

2001-ல் ஆண்கள் 3,78,351 பேர். 2011-ல் 3,60,143 பேர். ஆண்களில் குறைவு 18,208. பெண்களோ 3,83,790-லிருந்து 3,75,251 ஆனார்கள். குறைவு 8,539. குறைந்த ஒவ்வொரு மூன்று பேரில் இரண்டு பேர் ஆண்கள்! ஆயிரம் ஆண்களுக்கு 1,014 பெண்கள் என்றிருந்தது 1,042 ஆயிற்று.

இதில் ஒரு நல்ல செய்தியும் கலந்திருக்கிறது. குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் நீலகிரியில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 985 பெண் குழந்தைகள். தமிழ்நாட்டின் சராசரி 943 தான். பெண் குழந்தை வேண்டாம் என்னும் கொடுமை மலையில் குறைவு. ஆனால் பெரியவர்களில் பெண்கள் மிகுந்திருப்பதற்கு, பிழைப்புத் தேடிப் போன ஆண்களும் ஒரு காரணம்.

ஏன் போனார்கள்? நீலகிரித் தேயிலையைப் பெருமளவில் வாங்கிய சோவியத் யூனியன் 1991-ல் சிதறியது. 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. கிலோவுக்குக் கிடைத்த பணம், பறிப்புக் கூலிக்கும் உரத்துக்கும் போதவில்லை. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருந்த சிறு விவசாயிகள் நொடித்துப்போனார்கள். 1960-ல் தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்த உதகை ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை, 1990-களில் நலிந்து, பின்னர் மூடப்பட்டது. மலையடிவாரத்திலோ திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளும், கோயமுத்தூர் ஆலைகளும், கல்லூரிகளும் அழைத்தன. பையன் படிக்கப் போனான், அங்கேயே வேலைக்குச் சேர்ந்தான், கலியாணம் செய்துகொண்டான். தோட்டத்து லைன் வீட்டில் தாயும் தகப்பனும் மிஞ்சினார்கள்.

மிஞ்சியவர் கவலை

லைன் வீடு வேலையோடு ஒட்டியது. 1951-ம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம், வேலை செய்கிறவருக்குக் குடியிருப்புக் கொடுக்கும்படி தோட்ட முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. வேலை முடிந்தால் அந்த உரிமையும் முடிகிறது. மகனோ மகளோ அதே தோட்டத்தில் வேலைக்கு நின்றவரை வீடு குடும்பத்தில் தங்கியது. பிள்ளைகள் ஊர் விட்டுப் போன பிறகு, ஓய்வு பெற்ற கிழவன் கிழவிக்கு எந்தக் கூரை? கடல் கடந்து வந்து ஒரு முறை வீட்டை இழந்தவர்களுக்கு இது இரண்டாம் முறை.

கூடலூரில் வேறு விதமான சிக்கல். அங்கே ஜன்மி நிலங்களை ஒழிப்பதற்கு 1969-ல் சட்டம் வந்தது. வழக்குகளால் நிலப் பிரச்னை இழுத்துக்கொண்டே போயிற்று. பட்டா இல்லாத நிலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் நிற்கின்றன. அடுப்பு எரிகிறது, ஆனால் வீடு சட்டப்படி உறுதி இல்லை.

இதற்கிடையில், காலியான இடத்துக்குப் புதியவர்கள் வருகிறார்கள். ஜார்கண்ட், அஸ்ஸாம், பீஹார் ராஜ்யங்களிலிருந்து வந்த இளைஞர்களும் தம்பதிகளும் இன்று நீலகிரியில் கொழுந்து பறிக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன் தமிழ்த் தொழிலாளி மலை ஏறிய கதை மறுபடியும் நடக்கிறது, வேறு பாஷையில். அடுத்த கணக்கில் இவர்களும் இந்த மலையின் குடும்பங்களே.

எண்ணில் என்ன இருக்கிறது?

வெறும் எண்தானே என்று இதை விட்டுவிட முடியாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் வசதி எல்லாம் தலைக்கணக்கைப் பார்த்தே தீர்மானமாகின்றன. மலையில் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. பத்துக் குழந்தைகளே இருந்தாலும் அங்கே ஒரு பள்ளி வேண்டும். அடுத்த பள்ளிக்குப் போகும் பாதை, காட்டெருமையும் யானையும் நடமாடும் பாதை. அரசியலிலும் அப்படியே. நீலகிரி பார்லிமெண்ட் தொகுதியின் ஆறு சட்டசபைத் தொகுதிகளில் உதகை, குன்னூர், கூடலூர் மூன்றே மலையைச் சேர்ந்தவை. மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர் மூன்றும் சமவெளி. மலையில் தலைகள் குறையக் குறைய மலையின் குரலும் குறையும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பாடம் இருக்கிறது. சிறு குடும்பம், வெளியூர் போன பிள்ளைகள், தனித்திருக்கும் முதியோர், வெளி ராஜ்யத்துத் தொழிலாளி ஆகிய நான்கும் நீலகிரியில் முன்கூட்டி வந்துவிட்டன; மற்ற ஜில்லாக்களில் வந்துகொண்டிருக்கின்றன. 2021-ல் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் அறுபது வயது கடந்தவர்கள் என்று மத்திய சர்க்காரின் நிபுணர் குழு மதிப்பிட்டிருந்தது.

ஆகவே நீலகிரிக்குத் தலைக்கணக்கை மட்டும் பார்த்துத் திட்டம் போடுவது தவறு. தூரத்தையும், வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓய்வு பெறும் தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தக் கூரை கிடைக்கச் செய்ய வேண்டும். புதிதாக வந்த வெளி ராஜ்யத் தொழிலாளியின் குழந்தைக்கும் பள்ளியில் இடம் வேண்டும். கணக்கெடுப்பவர்கள் ரோட்டோரத்து வீடுகளோடு நின்றுவிடாமல், தோட்டத்தின் கடைசி லைன் வரைக்கும், காட்டோரத்துக் கடைசிக் குடிசை வரைக்கும் நடக்க வேண்டும். அங்கே ஒரு கிழவி தனியாக ஓர் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பாள். அதுவும் ஒரு குடும்பம் என்று எழுதப்பட வேண்டும்.