முதலில் பெயர், பிறகு விதை



மழை விட்டதும் வளவில் நாம் நடாத கன்றொன்று முளைத்து நிற்கும். "இது என்ன கன்று? வடிவா இருக்கு, விதை யாருக்கு வேணும்?" என்று உடனே படம் போடுகிறோம். விதை கொடுப்பது நல்ல பழக்கம்தான். மிளகாயும் கத்தரியும் வீடு வீடாய்ப் போனது அப்படித்தான். ஆனால் பெயர் தெரியும்வரை ஒரு விதையும் கைமாறக் கூடாது என்பது என் கருத்து.

காரணம் பாத்தீனியம். இலை கரட் இலைபோல வெட்டு வெட்டாக இருக்கும். பூ சின்னதாய், வெள்ளையாய் இருக்கும். பார்த்தால் பூக்கன்று போலத்தான் தெரியும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்தக் களை, முளைத்து ஒரு மாதமளவில் பூத்துவிடும். ஒரு செடியே 15,000 விதைக்கு மேல் தரக்கூடியது. தோல் அரிப்பும் மூச்சிழுப்பும் வரும். வடக்கில் தோட்டக்காரர்கள் இதோடு படும் பாடு நமக்குத் தெரிந்ததே.

பின்னூட்டத்தில் பத்துப் பேர் சொல்லும் பத்துப் பெயரை நம்பி முடிவெடுக்காதீர்கள். இலை, பூ, தண்டு மூன்றையும் கிட்டவாகப் படமெடுத்து விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் அழைத்துக் கேட்கலாம்.

பாத்தீனியம்தான் என்றால், பூக்குமுன் கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். பூத்த செடியைக் கூட்டெருவில் போட வேண்டாம்.

நல்ல கன்றென்றால் தாராளமாகக் கொடுப்போம். உறையில் பெயரையும் விதை எடுத்த திகதியையும் எழுதிக் கொடுப்போம். அடுத்தவர் வளவும் நம் வளவு மாதிரித்தானே!